200 பிரதிகள் மட்டும்!
பெற்றோரைப் பிரிந்த சிறுவன், ஊரைக் கூட்டிப் புத்தகம் செய்த கதை

ஒரு புத்தகம். அதன் அட்டை மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கும் பழுப்புக் காகிதம். அதன் மேல் ஒரு துண்டுத் துணி ஒட்டியிருக்கிறது. துணியின் ஓரத்தில் நூல் தொங்குகிறது. உள்ளே புரட்டினால் காய்ந்த இலை ஒன்று. இன்னொரு பக்கத்தில் கைப்பிடி மணலைப் பசை தடவித் தூவியிருக்கிறார்கள். சித்திரங்களுக்கு வர்ணம் தீட்டியது தூரிகை பிடித்த கை, இயந்திரம் அல்ல. கடைசிப் பக்கத்தில் பேனாவினால் ஓர் எண் எழுதியிருக்கிறது. மொத்தம் 200 பிரதிகள். அதில் இது எத்தனையாவது பிரதி என்பதுதான் அந்த எண்.

இப்படிப்பட்ட புத்தகங்கள் கியூபா தீவில், மடான்சாஸ் என்ற ஊரில் பிறந்தவை. பழைய காகிதமும் பசையும் நூலும் கொண்டு செய்த இந்தப் புத்தகங்களை அமெரிக்காவின் பெரிய நூல் நிலையங்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கின்றன. நியூயார்க்கில் உள்ள நவீன கலைக் காட்சிசாலையும் இவற்றை வாங்கியிருக்கிறது.

இவற்றை உருவாக்கிய சித்திரக்காரர் பெயர் ரோலாண்டோ எஸ்டேவெஸ். அவருடைய கதை ஒரு பிரிவில் தொடங்குகிறது.

பாலங்களின் ஊர்

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம்.

மடான்சாஸ், கியூபாவின் தலைநகரான ஹவானாவிலிருந்து கிழக்கே சுமார் 100 கிலோ மீட்டர் தூரத்தில், ஒரு வளைகுடாவின் கரையில் இருக்கிறது. ஸ்பானிஷ் மொழியில் 'மடான்சாஸ்' என்றால் 'படுகொலைகள்' என்று பொருள். இவ்வளவு அழகான ஊருக்கு இப்படி ஒரு பெயரா என்று தோன்றும். 16-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்த வளைகுடாவில் ஸ்பெயின் நாட்டார் சிலரைத் தீவின் பூர்வ குடிகள் கொன்றார்கள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஊராக அமைந்தது 1693-ல்.

ஊருக்குள்ளே யுமூரி, சான் ஹுவான் என்று இரண்டு ஆறுகள் ஓடிக் கடலில் கலக்கின்றன. ஆகவே திரும்பிய பக்கமெல்லாம் பாலம். கியூபாக்காரர்கள் இதைப் 'பாலங்களின் நகரம்' என்பார்கள். இன்னொரு பட்டப் பெயரும் உண்டு: 'கியூபாவின் ஏதென்ஸ்'. நம் ஊரில் ஒரு பட்டணத்தைத் தமிழ் வளர்த்த மதுரை என்று சொல்வதைப் போல.

அந்தப் பெருமைக்குக் காரணம் கரும்பு. 19-ம் நூற்றாண்டில் இந்தப் பகுதி கியூபாவின் சர்க்கரைச் சீமை. தோட்ட முதலாளிகளிடம் பணம் கொழித்தது. நாடகக் கொட்டகை, சங்கீதம், கவிதை எல்லாம் வளர்ந்தன. இந்தச் செல்வம் யாருடைய வியர்வை என்பதையும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விற்கப்பட்ட அடிமைகளின் வியர்வை அது. கியூபாவில் அடிமை முறை ஒழிந்தது 1886-ல்தான். பிளாசிதோ என்ற புகழ் பெற்ற கலப்பினக் கவிஞரைச் சதிக் குற்றம் சாட்டி, 1844-ல் இதே ஊரில்தான் சுட்டுக் கொன்றார்கள்.

சான் ஹுவான் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு சதுக்கம் இருக்கிறது. அதன் பெயர் விஹியா. 'காவல் பார்க்கும் இடம்' என்று அர்த்தம். 1863-ல் திறந்த சாவுட்டோ நாடக சாலை அங்கேதான் கம்பீரமாக நிற்கிறது. அதே சதுக்கத்தில் ஒரு பழைய வீட்டில்தான் நமது புத்தகங்கள் பிறந்தன.

பதினைந்து வயதில்

எஸ்டேவெஸ் 1953-ல் மடான்சாஸில் பிறந்தார். அவருக்கு ஐந்து, ஆறு வயதாகும்போது நாட்டில் புரட்சி நடந்தது. 1959 ஜனவரியில் பிடல் காஸ்ட்ரோ ஆட்சியைப் பிடித்தார். நிலம், ஆலை, கடை எல்லாம் ஒவ்வொன்றாகச் சர்க்கார் வசம் போயின. பலர் இதை வரவேற்றார்கள். பலர் நாட்டை விட்டுப் புறப்பட்டார்கள்.

போவதற்கு வெகு தூரம் இல்லை. கியூபாவின் கரைக்கும் அமெரிக்காவின் தென் கோடிக்கும் நடுவே 90 மைல் கடல். அவ்வளவுதான். ஆனால் அந்த 90 மைல், கடக்க முடியாத பெருங்கடலாக ஆகிவிட்டது.

1965 நவம்பரில் இரண்டு சர்க்கார்களும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. மடான்சாஸ் மாகாணத்திலேயே உள்ள வராதேரோ விமான நிலையத்திலிருந்து மயாமி நகருக்கு விமானங்கள் விடுவது என்று. 'சுதந்திர விமானங்கள்' என்று அமெரிக்காவில் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். 1973 ஏப்ரல் வரை அவை பறந்தன. இரண்டரை லட்சம் பேருக்கு மேல் அவற்றில் போனார்கள்.

போகிறவர்கள் வீட்டையும் சாமான்களையும் சர்க்காரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். என்ன என்ன இருக்கிறது என்று கட்டில் முதல் கரண்டி வரை கணக்கு எடுப்பார்கள். 'புழுக்கள்' என்று அவர்களை ஏசுவதும் உண்டு.

எல்லாவற்றிலும் கொடுமையான விதி ஒன்று இருந்தது. 15 வயது முதல் 26 வயது வரை உள்ள ஆண் பிள்ளைகள் நாட்டை விட்டுப் போகக் கூடாது. அவர்கள் ராணுவ சேவைக்கு உரியவர்கள்.

1969-ம் ஆண்டு. எஸ்டேவெஸின் தகப்பனாரும் தாயாரும் தங்கையும் அமெரிக்காவுக்குப் போனார்கள். பையன் போக முடியவில்லை. அவனுக்கு வயது பதினைந்து.

நம் வீடுகளில் பதினைந்து வயதுப் பையன் என்றால் யார்? காலையில் அம்மா எழுப்பினால்தான் எழுந்திருக்கிறவன். சாப்பாட்டுக்குத் தட்டைப் போட்டு அழைத்தால்தான் வருகிறவன். அந்த வயதில் ஒருவன், தன் குடும்பம் கடலுக்கு அந்தப் பக்கம் போக, தான் மட்டும் இந்தப் பக்கம் நின்றான்.

தாய் தகப்பனைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. கூட இருக்கும் சின்னப் பெண்ணைப் பார்ப்பதா, நிற்கிற பையனைப் பார்ப்பதா என்ற நிலை எத்தனையோ கியூபாக் குடும்பங்களுக்கு வந்தது. இதற்கு நேர் மாறாகவும் நடந்திருக்கிறது. 1960-க்கும் 1962-க்கும் நடுவே, பெற்றோர் கியூபாவில் இருந்துகொண்டு, 14,000-க்கு மேற்பட்ட குழந்தைகளைத் தனியாக விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். சில மாதங்களில் சேர்ந்துவிடலாம் என்ற நம்பிக்கை. பல குடும்பங்களுக்கு அது பல வருஷங்கள் ஆயிற்று.

பிரிவு என்பது அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு உள்ள துக்கம். எஸ்டேவெஸ் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

சிம்னி விளக்கு

பையன் வளர்ந்தார். சித்திரக்காரர் ஆனார். கவிதை எழுதினார். நாடக மேடைக்கு அலங்காரம் அமைப்பதிலும் தேர்ந்தார். ஊரை விட்டுப் போகவில்லை.

1985-ல் அவரும் ஆல்பிரடோ சால்டிவார் என்ற கவிஞரும் கூட்டுச் சேர்ந்தார்கள். ஊரில் எழுத்தாளர்கள் கூடிக் கவிதை வாசிப்பார்கள். அந்தக் கூட்டங்களுக்கு அழைப்பு வேண்டும். அச்சிடக் காசு இல்லை. ஆகவே கையாலேயே அழைப்பிதழ் செய்தார்கள். ஒரு சித்திரம், நாலு வரிக் கவிதை, கொஞ்சம் வர்ணம். வந்தவர்கள் கவிதையைக் கேட்டுவிட்டு அழைப்பைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

அழைப்பிதழ் பெரிதாகி நாலு பக்கச் சிறு பிரசுரம் ஆயிற்று. பிரசுரம் பெரிதாகிப் புத்தகம் ஆயிற்று. சதுக்கத்தின் பெயரையே வைத்து 'விஹியா பதிப்பகம்' என்று பெயர் சூட்டினார்கள். பதிப்பகத்தின் சின்னமாக எஸ்டேவெஸ் வரைந்தது கண்ணாடிக் கூடு போட்ட மண்ணெண்ணெய் விளக்கு. நம் பாட்டி வீட்டில் மாடத்தில் இருக்குமே, அதே சிம்னி விளக்கு!

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் கியூபாவில் புத்தகம் போடுவது சர்க்காரின் வேலை. தனி ஆசாமிகள் பதிப்பகம் நடத்துவது என்ற வழக்கமே கிடையாது. சர்க்கார் அந்த வேலையை ஏனோதானோ என்று செய்யவில்லை என்பதும் உண்மை. 1960-ல் தேசிய அச்சகம் முதன் முதலில் போட்டது 'டான் குவிக்சோட்' என்ற பழைய ஸ்பானிஷ் காவிய நவீனம். ஒரு லட்சம் பிரதிகள், மிக மலிவான விலை! அடுத்த ஆண்டு, 1961-ல், எழுத்தறிவு இயக்கம் நடந்தது. ஒரு லட்சம் இளைஞர்களும் சிறுவர் சிறுமியரும் கையில் விளக்கை எடுத்துக்கொண்டு மலைக்கும் வயலுக்கும் போய்க் குடியானவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே வருஷத்தில் 7 லட்சம் பேர் படிக்கக் கற்றார்கள்.

லட்சம் லட்சமாக அச்சடிக்கும் அந்த நாட்டில், இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு, "எங்கள் புத்தகம் 200 பிரதிதான், ஒவ்வொன்றும் கையால்தான்" என்று தொடங்கினார்கள். பிற்காலத்தில் சர்க்காரின் கலாசார இலாகா இவர்களுக்கு ஆதரவு கொடுத்தது. தொடக்கத்தில் ஆர்வம் ஒன்றே மூலதனம்.

புத்தகம் எப்படிப் பிறக்கிறது?

அவர்களிடம் இருந்த இயந்திரங்கள் இரண்டே. ஒன்று தட்டெழுத்து இயந்திரம். இன்னொன்று, பழைய ஆபீஸ்களிலும் பள்ளிக்கூடங்களிலும் கேள்வித்தாள் எடுக்க வைத்திருந்தார்களே, அந்தச் சைக்ளோஸ்டைல் இயந்திரம். சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். கொஞ்சம் விளக்கிவிடலாம்.

மெழுகு பூசிய மெல்லிய தாள் ஒன்று. அதற்கு ஸ்டென்சில் என்று பெயர். மை நாடாவை விலக்கிவிட்டு, தட்டெழுத்து இயந்திரத்தில் இந்தத் தாளை மாட்டி அடிப்பார்கள். எழுத்து விழும் இடத்தில் மெழுகு விலகி வழி உண்டாகும். பிறகு இந்தத் தாளை மை நிரம்பிய உருளையின் மேல் சுற்றுவார்கள். கைப்பிடியைச் சுழற்றினால், அந்த வழியாக மை கசிந்து அடியில் போகும் காகிதத்தில் எழுத்தாகப் பதியும். ஒரு சுற்றுக்கு ஒரு தாள். கரண்டு வேண்டாம். கையில் பலம் இருந்தால் போதும்.

எழுத்து வேலை அப்படி முடியும். அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும்.

முதலில் எஸ்டேவெஸ் ஒரு மாதிரிப் புத்தகம் செய்வார். கவிதையைப் படித்து, அதற்கு எந்த வடிவம் பொருந்தும் என்று யோசிப்பார். எல்லாப் புத்தகமும் சதுரமாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? ஒன்று நம் பழைய சாசனம் போலச் சுருளாக இருக்கும். ஒன்று பெட்டிக்குள் இருக்கும். ஒன்றைத் திறந்தால் உள்ளே மடித்து வைத்த காகித உருவம் எழுந்து நிற்கும். நாடக மேடை அமைத்த கை அல்லவா? அவருடைய புத்தகத்தைத் திறப்பது திரையைத் தூக்குவது போலத்தான்.

மாதிரி தயாரானதும் கூட்டம் கூடும். பதிப்பகத்தில் வேலை செய்கிறவர்கள், ஊரிலுள்ள நண்பர்கள், உதவிக்கு வந்தவர்கள் எல்லாரும் நீண்ட மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் துணியைக் கத்தரிப்பார். ஒருவர் பசை தடவுவார். ஒருவர் நூல் கோப்பார். ஒருவர் 200 பறவைகளுக்கும் ஒவ்வொன்றாக நீல வர்ணம் தீட்டுவார். நம் ஊரில் கல்யாண வீட்டில் முதல் நாள் இரவு, பெண்கள் உட்கார்ந்து காய் நறுக்குவதைப் பார்த்திருக்கிறோம். அந்தக் கலகலப்புத்தான் இங்கேயும்.

கை மாறினால் வேலையும் மாறும். ஒருவர் தீட்டிய நீலம் கொஞ்சம் அடர்த்தி; அடுத்தவர் தீட்டியது கொஞ்சம் வெளிறல். ஒரு பிரதியில் இலை இடது பக்கம் சாய்ந்திருக்கும். மறு பிரதியில் வலது பக்கம். ஆகவே 200 பிரதிகளும் 200 விதம். அச்சாபீஸில் இதைப் பிழை என்பார்கள். விஹியாவில் இதற்குத்தான் மதிப்பு.

காகிதம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் கரும்புச் சக்கையிலிருந்து செய்த முரட்டுக் காகிதம், கடைகளில் பொட்டலம் கட்டும் காகிதம். சர்க்கரைச் சீமையில் சக்கைக்கா பஞ்சம்! மற்ற சாமான்கள் ஊரில் கழித்துப் போட்டவை. துண்டுத் துணி, கம்பளி நூல், மணல், காய்ந்த பூ. மடான்சாஸ் ஊரையே கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்துப் புத்தகத்தில் ஒட்டிவிட்டார்கள் என்று சொல்லலாம்.

வெளியீட்டு விழாவும் ஒரு திருவிழா மாதிரிதான். கவிஞர் வாசிப்பார், யாராவது பாடுவார்கள். சங்கீதத்துக்கு அந்த ஊரில் குறைவே இல்லை. கியூபாவின் தேசிய நடனமான 'டான்சோன்' முதன்முதல் அரங்கேறியது மடான்சாஸில்தான்; 1879 ஜனவரி 1-ந் தேதி.

காகிதமும் இல்லாத காலம்

விஹியாவுக்குப் பெரிய சோதனை 1990-க்குப் பிறகு வந்தது. உண்மையில் கியூபா முழுவதற்குமே சோதனை.

கியூபாவுக்குப் பெட்ரோல், இயந்திரம், காகிதம் எல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தது சோவியத் ரஷ்யா. கியூபா பதிலுக்குச் சர்க்கரை கொடுத்தது. 1991-ல் சோவியத் யூனியனே கலைந்தது. அமெரிக்கா 1962 முதல் கியூபாவுடன் வியாபாரத்தைத் தடை செய்திருந்தது. ஆக, தீவு தனித்து நின்றது. பஸ் ஓடவில்லை. ஜனங்கள் சைக்கிளில் போனார்கள். பகலிலும் இரவிலும் மணிக்கணக்காக மின்சாரம் கிடையாது. ரேஷனில் அரிசியும் பீன்ஸும் குறைந்தன. எத்தனையோ பேர் உடல் மெலிந்தார்கள். சர்க்கார் அந்தக் காலத்துக்கு 'விசேஷ காலம்' என்று பெயரிட்டது! பஞ்சத்துக்கு எவ்வளவு மரியாதையான பெயர்!

லட்சக்கணக்கில் அச்சடித்த பெரிய பதிப்பகங்களுக்குக் காகிதம் வரவில்லை. புத்தகங்கள் நின்றன. எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகள் அலமாரியில் தூங்கின. ஆனால் விஹியா நிற்கவில்லை. கழிவுக் காகிதத்தையே நம்பியிருந்தவர்களுக்கு நல்ல காகிதம் இல்லாதது பெரிய நஷ்டம் இல்லையே! கரண்டு இல்லாவிட்டாலும் கைப்பிடியைச் சுற்றலாம். பசை காய்ச்சலாம். சின்னத்தில் இருந்த சிம்னி விளக்குக்கு அப்போது புது அர்த்தம் வந்தது.

1990-ல், இந்தக் கஷ்டம் தொடங்கும் வேளையில், அவர்கள் 'விஹியா சஞ்சிகை' என்று ஒரு பத்திரிகையையும் ஆரம்பித்தார்கள். குழந்தைகளுக்கும் ஒரு பத்திரிகை உண்டு. அதன் பெயர் 'சான் ஹுவான் ஆற்றின் சிறு படகுகள்'. அதுவும் கைவேலைதான்.

1994-ல் இன்னொரு பிரிவு. பசி தாங்காமல் 30,000-க்கு மேற்பட்டவர்கள் லாரி டயர் டியூப், மரப் பலகை, தகர டின் எதையாவது கட்டித் தெப்பமாக்கிக் கடலில் இறங்கினார்கள். கரை சேர்ந்தவர்கள் பலர். சேராதவர்களும் உண்டு. எஸ்டேவெஸ் அப்போதும் போகவில்லை.

போன பெண்ணும் நின்ற பையனும்

அதே காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்மணி மடான்சாஸுக்கு வந்தார். அவர் பெயர் ரூத் பெஹார். 1956-ல் ஹவானாவில் பிறந்தவர். யூத வம்சத்தைச் சேர்ந்தவர். புரட்சிக்குப் பிறகு பெற்றோர் அவரைக் குழந்தையாகத் தூக்கிக்கொண்டு நாட்டை விட்டுப் போனார்கள். நியூயார்க்கில் வளர்ந்து, மானிட இயல் படித்து, மிச்சிகன் சர்வகலாசாலையில் பேராசிரியை ஆனார்.

பிறந்த ஊர் எப்படி இருக்கும் என்ற ஏக்கம் அவரை விடவில்லை. திரும்பத் திரும்பக் கியூபாவுக்கு வந்தார். போனவர்களையும் நின்றவர்களையும் எழுத்தால் சேர்த்துவைக்க வேண்டும் என்று 'கியூபாவுக்குப் பாலங்கள்' என்ற தொகுப்பை 1995-ல் வெளியிட்டார்.

இவர் குடும்பத்தோடு போன குழந்தை. எஸ்டேவெஸ் குடும்பம் போக, நின்ற பையன். ஒரே கதையின் இரண்டு பாதிகள்! இருவரும் நண்பர்கள் ஆனார்கள். பெஹார் எழுதிய கவிதைகளை ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலுமாக எஸ்டேவெஸ் புத்தகம் ஆக்கினார். 2001-ல் வந்த புத்தகத்தின் பெயர், 'நான் வைத்துக்கொண்டவை எல்லாம்'. போகிறபோது எதையும் எடுத்துப் போக விடாத ஒரு காலத்தை நினைத்துக்கொண்டு இந்தப் பெயரைப் படித்தால் அதன் கனம் தெரியும்.

எஸ்டேவெஸின் வேலையில் போவதும் நிற்பதும் திரும்பத் திரும்ப வரும் விஷயம். வீடு, கடல், பயணம், காத்திருத்தல். தாய் தங்கையைப் பிரிந்த துக்கத்தை அவர் மறைக்கவில்லை. அதைப் பற்றி நண்பர்களிடமும் ஆராய்ச்சியாளர்களிடமும் பேசினார். ஆனால் அவர் செய்த புத்தகங்களில் பெரும்பாலானவை மற்றவர்களுடைய கவிதைகள். ஊர்க் கவிஞர்கள், வெளிநாட்டுக்குப் போன கியூபாக் கவிஞர்கள், வேற்று மொழிக் கவிஞர்கள். மடான்சாஸின் மூத்த கவிதாயினி கரில்டா ஆலிவர் லாப்ராவும் அவர்களில் ஒருவர். 96 வயது வரை அதே ஊரில் வாழ்ந்து 2018-ல் காலமானவர். எல்லார் துக்கத்துக்கும் எஸ்டேவெஸ் ஒரு அட்டை செய்து கொடுத்தார்.

கடல் தாண்டிய காகிதம்

அமெரிக்காவின் வியாபாரத் தடையில் ஒரு சிறு சந்து இருந்தது. 1988-ல் அந்த நாட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். புத்தகம், இசைத்தட்டு போன்றவற்றுக்குத் தடை கிடையாது என்று. கியூபாவின் சுருட்டு போக முடியாது. சர்க்கரை போக முடியாது. கரும்புச் சக்கைக் காகிதம் போகலாம், அதில் கவிதை எழுதியிருந்தால்!

அப்படித்தான் விஹியா புத்தகங்கள் 90 மைல் கடலைத் தாண்டின. அமெரிக்காவின் மிசௌரி சர்வகலாசாலை இவற்றைச் சேகரித்தது. அங்கே பேராசிரியையாக இருந்த ஹுவானமரியா கார்டோனஸ் குக் என்பவர் இவற்றைப் பற்றிச் சினிமாப் படங்களும் எடுத்தார். 2020-ல் இவரும் பெஹாரும் இன்னொரு ஆசிரியையும் சேர்ந்து எஸ்டேவெஸைப் பற்றியும் விஹியாவைப் பற்றியும் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார்கள்.

புகழ் வந்ததில் ஒரு சங்கடமும் உண்டு. இருக்கிறதோ 200 பிரதி. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். கியூபாவில் மாதச் சம்பளக்காரனால் அந்த விலைக்குப் போட்டி போட முடியுமா? ஊர் கூடிச் செய்த புத்தகம், ஊரில் எத்தனை வீட்டில் இருக்கும்? பத்திரமாக இருப்பது அயல்நாட்டு அலமாரியில். அங்கே போய்ப் பார்க்கிறவர் கை கழுவிவிட்டு, மெதுவாகத்தான் தொட வேண்டும். கவிதையைப் படிக்கச் செய்ததா, பூட்டி வைக்கச் செய்ததா என்று கேட்பவர்களைத் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்த டாலர் இல்லாவிட்டால் பசைக்கும் வர்ணத்துக்கும் வழி ஏது என்ற பதிலும் நியாயமானதுதான்.

பங்காளிகள் எப்போதும் ஒரே கூரையின் கீழ் இருப்பதில்லை. சால்டிவார் முன்னமேயே விலகி, அதே ஊரில் வேறொரு பதிப்பகத்தை நடத்தப் போனார். 2014-ல் எஸ்டேவெஸும் விஹியாவை விட்டு வெளியே வந்தார். சுமார் 30 வருஷம் தன் கையால் வளர்த்த இடம் அது. 'எல் ஃபோர்டின்', அதாவது 'சின்னக் கோட்டை' என்ற பெயரில் சொந்தமாக ஒரு பட்டறை வைத்தார். இப்போது 200 பிரதி கூட இல்லை. பல புத்தகங்கள் உலகத்தில் ஒரே ஒரு பிரதி! பெரிய பெரிய புத்தகங்கள். ஒவ்வொன்றும் தனிச் சிற்பம் போல.

அவர் போன பின்பும் விஹியாவில் மேஜையைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டுதான் இருந்தார்கள். மாதிரியைச் செய்யப் புதிய சித்திரக்காரர்கள் வந்தார்கள்.

2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் 4 லட்சத்துக்கு மேற்பட்ட கியூபாக்காரர்கள் நாட்டை விட்டு அமெரிக்க எல்லைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சுதந்திர விமானங்கள் ஏழு வருஷத்துக்கு மேல் பறந்து ஏற்றிச் சென்றதை விட இது அதிகம். மடான்சாஸிலும் எத்தனையோ வீடுகளில் மறுபடியும் ஒரு நாற்காலி காலி. அவர்களுக்குப் பதினைந்து வயது விதி கிடையாது. விமான டிக்கட்டுக்கு வீட்டை விற்றவர்களும் உண்டு.

எஸ்டேவெஸ் 2023-ல் காலமானார். அவருக்கு வயது 69. கடைசி வரை அவர் மடான்சாஸ்காரராகவே இருந்தார்.

அவர் வரைந்த சிம்னி விளக்கு விஹியா புத்தகங்களில் இருக்கிறது. அதன் கீழே, கடைசிப் பக்கத்தில், இன்னமும் அச்செழுத்து இல்லாமல், பேனாவால் எழுதிய எண் இருக்கிறது: 200-ல் இத்தனையாவது பிரதி என்று.